க்ளெப் தேர்வு எழுதிக் கல்லூரி கிரெடிட் வாங்குவது: எது கைகொடுக்கும், எது கொடுக்காது

உங்கள் கேள்வி இதுதான்: மகன் டாலஸ் பக்கத்தில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டான். ஆகஸ்டில் டெக்ஸஸின் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்கிறான். தமிழ்ப் பள்ளிக்கு வரும் பெற்றோர் ஒருவர், க்ளெப் (CLEP) தேர்வுகளை, அதாவது கல்லூரிப் பாடத்தை வகுப்பில் படிக்காமலே கிரெடிட் (பட்டத்துக்குச் சேரும் பாட அலகு) பெற்றுத்தரும் தேர்வுகளை, எழுதினால் ஒரு வருடப் படிப்பையே மிச்சப்படுத்தலாம் என்று சொல்லியிருக்கிறார். அது உண்மையா, எதை எழுதலாம், எப்படிப் படிப்பது, தோற்றால் என்ன ஆகும், தமிழுக்கும் அப்படி ஒரு தேர்வு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இங்கே ஒரு கம்யூனிட்டி கல்லூரியின் தேர்வு மையத்தில் பல ஆண்டுகள் கண்காணிப்பாளராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அங்கே அடிக்கடி பார்த்த காட்சி ஒன்று உண்டு. தேர்வு முடிந்ததும் திரையில் 61 என்று மதிப்பெண் வரும். பையன் முகமெல்லாம் சிரிப்போடு வெளியே வந்து, "இனி எந்தப் பாடம் எனக்கு இல்லை?" என்று கேட்பான். அதை எங்களிடம் கேட்டுப் பயனில்லை. தேர்வை நடத்தும் காலேஜ் போர்டிடம் கேட்டாலும் பயனில்லை. கிரெடிட் கொடுப்பது அவன் சேரப்போகும் பல்கலைக்கழகம். அது அந்தத் தேர்வை ஏற்காமல் இருக்கலாம். ஏற்றாலும், பட்டத்துக்கு எந்த விதத்திலும் உதவாத பொது விருப்பப் பாடமாக ஓரத்தில் போட்டுவைக்கலாம். எனவே புத்தகத்தைத் தொடுவதற்கு முன், பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் தேர்வு வழி கிரெடிட் பற்றிய பக்கத்தை எடுத்து, மகனுடைய டிகிரி பிளானை (பட்டத்துக்கு முடிக்க வேண்டிய பாடங்களின் பட்டியல்) பக்கத்தில் வைத்து, இரண்டையும் வரிவரியாக ஒப்பிடுங்கள். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

க்ளெப் என்பது 1967 முதல் நடந்துவரும் திட்டம். மொத்தம் 34 தேர்வுகள் உள்ளன. பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களே. அமெரிக்காவில் ஏறக்குறைய 2,900 கல்லூரிகள் இவற்றில் ஏதாவது சிலவற்றுக்குக் கிரெடிட் கொடுக்கின்றன. மதிப்பெண் 20 முதல் 80 வரை. பெரும்பாலான தேர்வுகளுக்கு அமெரிக்கக் கல்வி மன்றம் பரிந்துரைக்கும் அளவு 50. அந்தப் பாடத்தை வகுப்பில் படித்து 'சி' கிரேடு வாங்கும் மாணவனின் நிலை அது. ஆனால் பரிந்துரை பரிந்துரைதான். கூடுதலாகக் கேட்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. கடுமையான சேர்க்கை கொண்ட தனியார் பல்கலைக்கழகங்கள் பல இதைக் கண்டுகொள்வதே இல்லை. ஆஸ்டினில் உள்ள டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தில் மதிப்பெண் போய்ச் சேர்ந்ததும் கிரெடிட் தானாக ஏறிவிடாது. மாணவனே பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் உள்நுழைந்து, அதைக் கோர வேண்டும். நல்ல மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு கோராமலே விட்டவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு வருடம் மிச்சமாகும் என்பது கணக்கில் சரி. இளநிலைப் பட்டத்துக்கு 120 கிரெடிட், வருடத்துக்கு 30. பத்துத் தேர்வுகள் தேறினால் 30 வந்துவிடும். ஆனால் கம்ப்யூட்டர் சயின்ஸில் இந்தக் கணக்கு உதைக்கும். அந்தப் பட்டத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிக்க வேண்டிய பாடங்களின் சங்கிலி நீளமானது. முதல் புரோகிராமிங் பாடம் முடித்தால்தான் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், அது முடிந்தால்தான் அல்காரிதம்ஸ் என்று போகும். பொதுப் பாடங்களை எல்லாம் கழித்துவிட்டாலும் அந்தச் சங்கிலியைச் சுருக்க முடியாது. ஒரு செமஸ்டர் குறையலாம். குறையாவிட்டால் ஒவ்வொரு செமஸ்டரும் சற்று மூச்சு விடும்படி இருக்கும். என்னைக் கேட்டால், கனமான இரண்டு பாடங்களோடு மல்லுக்கட்டும் செமஸ்டரில் வரலாற்றுக் கட்டுரை எழுத உட்கார வேண்டாம் என்பதே பெரிய லாபம்.

டெக்ஸஸில் உங்களுக்குச் சாதகமான ஒன்று இருக்கிறது. இங்குள்ள அரசுக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் 42 கிரெடிட் கொண்ட பொது அடிப்படைப் பாடத்திட்டம் உண்டு. அதில் அமெரிக்க வரலாறு 6, அரசியல் 6, சமூக அறிவியல் 3 கிரெடிட். எந்தத் துறை மாணவனானாலும் இவற்றிலிருந்து தப்ப முடியாது. க்ளெப் நன்றாகப் பொருந்தும் இடம் இதுதான். அமெரிக்க வரலாறு முதல் பகுதித் தேர்வு பெரும்பாலும் ஹிஸ்ட் 1301 பாடத்துக்கு ஈடாக வரும், இரண்டாம் பகுதி 1302-க்கு. மேக்ரோ எகனாமிக்ஸ் 2301-க்கு, உளவியல் 2301-க்கு. (இரண்டு துறைக்கும் ஒரே எண், முன்னால் உள்ள துறைக் குறியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.)

அரசியலில் மட்டும் ஒரு சிக்கல். இங்கே கவர்ன்மென்ட் 2305 மத்திய அரசைப் பற்றியது, 2306 டெக்ஸஸ் அரசைப் பற்றியது. க்ளெப்பின் அமெரிக்க அரசாங்கத் தேர்வில் டெக்ஸஸ் அரசியல் சாசனம் பற்றி ஒரு வரிகூட வராது. ஆகவே அது முதலாவதற்குத்தான் ஈடாகும். இரண்டாவதைப் பல்கலைக்கழகத்திலோ, கோடையில் கம்யூனிட்டி கல்லூரியிலோ படிக்க வேண்டியிருக்கும். டெக்ஸஸ் பகுதிக்கென்று தாங்களே ஒரு தேர்வு வைத்திருக்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. மகனுடைய இடத்தில் அது இருக்கிறதா என்று கேளுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் இன்னொன்று. மகன் பள்ளியில் ஏபி எனப்படும் கல்லூரி நிலைப் பாடங்கள் எடுத்து, அவற்றின் தேர்வை எழுதியிருந்தால் ஜூலைத் தொடக்கத்தில் மதிப்பெண் வந்துவிடும். பள்ளிக்கும் கல்லூரிக்கும் ஒருசேரக் கணக்காகும் டூயல் கிரெடிட்டாகப் பள்ளியிலேயே ஆங்கிலமோ வரலாறோ முடித்திருந்தால் அதுவும் கணக்கில் சேரும். ஒரே பாடத்துக்கு இருமுறை கிரெடிட் கிடைக்காது. ஏபி அமெரிக்க வரலாற்றில் தேறிய பிள்ளையை மறுபடியும் க்ளெப் வரலாற்றுக்கு அழைத்துவரும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். ஏறக்குறைய நூறு டாலர் தேர்வுக் கட்டணமும் மையத்துக்குத் தனியாகக் கட்டியதும் வீண்.

எழுதக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். கால்குலஸ் வேண்டாம். தேர்வு கடினம் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்தப் பாடத்தின் மேல்தான் அடுத்த கால்குலஸ், லீனியர் ஆல்ஜீப்ரா, நிகழ்தகவு எல்லாம் ஏறி நிற்கப்போகின்றன. கோடையில் அவசரமாகப் படித்து 52 வாங்கிவிட்டு நேராக இரண்டாம் கால்குலஸ் வகுப்பில் உட்கார்ந்தால் அக்டோபரில் விழி பிதுங்கும். மகனுக்குக் கால்குலஸ் ஏற்கெனவே தண்ணீர்பட்ட பாடு என்றால் அது வேறு விஷயம். அடுத்து, தகவல் அமைப்புகள் என்றொரு க்ளெப் தேர்வு இருக்கிறது. பெயரைப் பார்த்துக் கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். அது வணிகவியல் மாணவர்களின் அறிமுகப் பாடத்தை ஒட்டியது. புரோகிராமிங் பாடத்துக்கு ஈடாகாது. உயிரியல், வேதியியல் தேர்வுகளில் ஆய்வகப் பகுதிக்குக் கிரெடிட் கிடைப்பது அரிது. மருத்துவம் பக்கம் போகும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும் அறிவியல் பாடங்களை வகுப்பில் படித்துக் கிரேடு வாங்குவதே நல்லது. மருத்துவக் கல்லூரிகள் பல, தங்கள் முன்தேவைப் பாடங்களுக்குத் தேர்வு வழி வந்த கிரெடிட்டை ஒப்புக்கொள்வதில்லை.

கிரேடு என்றதும் ஒரு விஷயம். க்ளெப்பில் 50 வாங்கினாலும் 78 வாங்கினாலும், கல்லூரி கேட்கும் அளவைத் தாண்டிவிட்டால் ட்ரான்ஸ்கிரிப்டில் ஏறுவது கிரெடிட் மட்டும்தான். ஜிபிஏவில் (கிரேடுகளின் சராசரி) அது சேராது. நம் வீடுகளில் நூற்றுக்கு நூறு என்றே பழகியிருப்பதால் இதை ஏற்க மனம் வராது. 65 வரும் என்று மாதிரித் தேர்வு காட்டிய பிறகும் இன்னும் மூன்று வாரம் படிக்கட்டும் என்று தேதியைத் தள்ளும் அப்பாக்கள் உண்டு. அந்த மூன்று வாரத்தில் இன்னொரு தேர்வுக்கே தயாராகிவிடலாம். இதன் மறுபக்கத்தையும் பாருங்கள்: வரலாற்றிலும் உளவியலிலும் சிரமமில்லாமல் 'ஏ' வாங்கக்கூடிய பிள்ளை, அந்தச் சுலபமான 'ஏ'க்களை எல்லாம் தேர்வில் கழித்துவிட்டால் ஜிபிஏவைத் தாங்கக் கடினப் பாடங்கள் மட்டுமே மிஞ்சும். கிரேடு பார்க்கும் உதவித்தொகை இருந்தால் இதை யோசியுங்கள்.

தேர்வில் வாங்கிய கிரெடிட், முழுநேர மாணவன் என்ற கணக்கிலும் வராது. செமஸ்டருக்கு 12 கிரெடிட் பதிவு செய்திருக்க வேண்டும் என்றால், வகுப்பில் பதிவு செய்த 12 கிரெடிட். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இந்தியாவிலிருந்து வந்து படிக்கும் பிள்ளைகள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்.

இனி படிப்பு. டெக்ஸஸ் பள்ளிகளில் வழக்கமாகப் பதினொன்றாம் வகுப்பில் அமெரிக்க வரலாறு, பன்னிரண்டில் அரை வருடம் அரசாங்கம், அரை வருடம் பொருளாதாரம் என்று போகும். மகனுக்கு இப்போது மனத்தில் சூடாக இருப்பவை கடைசி இரண்டும். ஆகவே அமெரிக்க அரசாங்கமும் மேக்ரோ எகனாமிக்ஸும் முதலில், வரலாறு அடுத்து என்பது என் வரிசை. கோடைக்குள் மூன்று போதும். பத்தும் எழுத வேண்டும் என்று கிளம்பினால் ஒன்றும் உருப்படியாக நடக்காது.

படிக்கத் தொடங்கும் முன்பே ஒரு மாதிரித் தேர்வை நேரம் வைத்து எழுதச் சொல்லுங்கள். காலேஜ் போர்டு ஒவ்வொரு தேர்வுக்கும் விற்கும் அதிகாரபூர்வக் கையேட்டில் மாதிரித் தேர்வு இருக்கிறது. அந்த நடைதான் உண்மைத் தேர்வுக்கு நெருக்கம். எங்கே ஓட்டை என்று அதில் தெரிந்துவிடும். பிறகு அதே காலேஜ் போர்டு இலவசமாக வெளியிடும் பாடப்பகுதி விழுக்காட்டுப் பட்டியலைப் பாருங்கள். பலர் புரட்டிக்கூடப் பார்க்காத பக்கம் அது. வரலாறு முதல் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். கேள்விகளில் 30 விழுக்காடு 1500 முதல் 1789 வரை, 70 விழுக்காடு 1790 முதல் 1877 வரை. ஆனால் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? ஜேம்ஸ்டவுன், பிளிமத், பாஸ்டன் தேநீர் என்று பள்ளியில் ருசித்துப் படித்த பகுதியிலேயே பாதிக் கோடையைக் கழித்துவிடுகிறார்கள். ஜாக்சன் காலமும் மறுசீரமைப்புக் காலமும் கடைசி வாரத்தில் மூச்சிரைக்க வந்து நிற்கும். அமெரிக்க அரசாங்கத்திலும் அப்படித்தான்: அரசியல் சாசனத்தின் அடிப்படைகள் 15 முதல் 20 விழுக்காடு, காங்கிரஸ், அதிபர், நிர்வாகத் துறைகள் எப்படி இயங்குகின்றன என்பது 30 முதல் 35.

வரலாற்றுத் தேர்வு தேதிகளை அதிகம் கேட்காது. எது எதற்கு வழிவிட்டது என்பதைக் கேட்கும். எடுத்துக்காட்டாக: 1820-ஆம் ஆண்டின் மிசூரி சமரசம் மேற்குப் பிரதேசத்தின் குறுக்கே ஒரு கோட்டைக் கிழித்து, அதற்கு வடக்கே அடிமை முறை கூடாது என்றது. 1854-இல் கான்சஸ்-நெப்ராஸ்கா சட்டம் அந்தக் கோட்டை அழித்து, அங்கே குடியேறியவர்களே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்றது. கான்சஸில் ரத்தம் ஓடியது, விக் கட்சி சிதறியது, ரிபப்ளிகன் கட்சி பிறந்தது. 1857-இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம், மேற்குப் பிரதேசங்களில் அடிமை முறையைத் தடுக்கக் காங்கிரஸுக்கு அதிகாரமே இல்லை என்றது. இந்த ஒரு தொடரைக் காரணகாரியமாகச் சொல்லத் தெரிந்தால் நான்கைந்து கேள்விகளுக்கு விடை கிடைக்கும். ஆண்டுகளை அட்டையில் எழுதி உருப்போட்டவன் அதே கேள்விகளில் தடுமாறுவான். மகனைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, இந்த மாதிரித் தொடர்களை உங்களுக்குத் தமிழில் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரிந்தால் அவனுக்கும் புரிந்திருக்கிறது.

புத்தகத்துக்குச் செலவு செய்ய வேண்டாம். ஹூஸ்டனில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகத்திலிருந்து இயங்கும் ஓப்பன்ஸ்டாக்ஸ், வரலாறு, அரசாங்கம், பொருளாதாரம், உளவியல் எல்லாவற்றுக்கும் முழுப் பாடநூல்களை இலவசமாகத் தருகிறது. மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற லாப நோக்கற்ற அமைப்பு க்ளெப் பாடங்களை இணையத்தில் இலவசமாக நடத்துகிறது. பாடத்தை முடித்துக் கேட்டால் தேர்வுக் கட்டணத்துக்கான வவுச்சரும் கொடுக்கிறது. அவர்களுடைய வீடியோக்கள் சற்று நிதானமாகப் போகும், எல்லாருக்கும் பிடிக்காது. வவுச்சருக்காகவாவது அந்தப் பாடத்தை முடித்துவிட்டு, ஆழமாகப் படிப்பதைப் பாடநூலில் செய்யலாம். வவுச்சர் கைக்கு வந்த பிறகுதான் பதிவு செய்ய வேண்டும், அதனால் முன்கூட்டியே தொடங்குங்கள்.

பதிவில் எல்லாரும் இடறும் இடம் ஒன்று. காலேஜ் போர்டு தளத்தில் கணக்குத் தொடங்கிப் பணம் கட்டி டிக்கெட் எடுத்துவிட்டால் இருக்கை கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. தேர்வு மையத்தை நீங்களே தனியாக அழைத்து நாளும் நேரமும் குறிக்க வேண்டும், மையக் கட்டணத்தையும் தனியாகக் கட்ட வேண்டும். ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும் இருக்கை கிடைப்பது குதிரைக்கொம்பு. பதிவின்போதே மதிப்பெண்ணை எந்தக் கல்லூரிக்கு அனுப்புவது என்று கேட்பார்கள். அப்போது சொன்னால் இலவசம்; பின்னால் அனுப்பச் சொன்னால் கட்டணம். பெறப்போகும் அளவில் சந்தேகம் இருந்தால் அந்த இடத்தைக் காலியாக விடலாம், மதிப்பெண் மகனிடம் மட்டுமே இருக்கும்.

தேர்வு நாளில் அச்சிட்ட டிக்கெட்டும் புகைப்பட அடையாள அட்டையும் வேண்டும். அட்டையில் உள்ள பெயரும் பதிவில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும். முதலெழுத்து முன்னால், அப்பா பெயர் பின்னால் என்று நம் பெயர்கள் ஆவணத்துக்கு ஆவணம் மாறுவதால் வாசலில் நின்று விளக்கம் சொல்லும் நிலை வரக்கூடும். கைபேசி, கைக்கடிகாரம் உள்ளே போகாது. குறிப்பெடுக்கத் தாளை மையமே தரும். கணிப்பான் தேவைப்படும் தேர்வுகளில் அது திரையிலேயே இருக்கும். வீட்டிலிருந்தே இணையக் கண்காணிப்பில் எழுதும் வழியும் இருக்கிறது. தம்பி தங்கைகள் ஓடியாடும் வீட்டில் அது தேவையில்லாத பதற்றம், மையமே மேல்.

பெரும்பாலான தேர்வுகள் 90 நிமிடம். வரலாற்றில் அதற்குள் 120 கேள்விகள், அதாவது ஒன்றுக்கு 45 வினாடி. அரசாங்கத்தில் 100, மேக்ரோவில் 80. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், ஆகவே எதையும் காலியாக விடக் கூடாது. தெரியாததற்கு ஒன்றைத் தட்டிவிட்டு, திரும்பிப் பார்ப்பதற்கான குறியைப் போட்டுவிட்டு நகர வேண்டும். "இவற்றுள் எது அல்ல" என்ற வகைக் கேள்விகளில்தான் படித்த பிள்ளைகள் அவசரத்தில் மதிப்பெண்ணைத் தொலைக்கிறார்கள். கட்டுரை இல்லாத தேர்வுகளில் மதிப்பெண் அங்கேயே திரையில் வந்துவிடும்.

தோற்றால் குடி முழுகிவிடாது. அதே தேர்வை மூன்று மாதம் கழித்து மறுபடி எழுதலாம். ஆனால் ஆகஸ்டுக்கு முன் இன்னொரு வாய்ப்பு இருக்காது என்பதால், மாதிரித் தேர்வில் தேவையான அளவைத் தெளிவாகத் தாண்டாமல் போக வேண்டாம். செமஸ்டர் தொடங்கிய பிறகும் டிசம்பர் விடுமுறையில் எழுதத் தடையில்லை. ராணுவத்தினருக்காகத் தொடங்கி இப்போது எல்லாருக்கும் திறந்திருக்கும் டிஎஸ்எஸ்டி என்ற தேர்வும் உண்டு. அதில் 30 நாளிலேயே மறுபடி எழுதலாம். ஆனால் அதை ஏற்கும் கல்லூரிகள் குறைவு, முதலில் பல்கலைக்கழகத்தின் பட்டியலைப் பாருங்கள்.

தமிழுக்குக் க்ளெப் இல்லை. ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் மூன்று மட்டுமே. மகன் பள்ளியில் நான்கு வருடம் ஸ்பானிஷ் படித்திருந்தால் அந்தத் தேர்வைப் பார்க்கலாம்; பரிந்துரைப்படி 50 வாங்கினால் முதல் நிலைக்கு 6 கிரெடிட், 63 வாங்கினால் இரண்டாம் நிலைக்கு 9. தமிழுக்கு வேறு வழி இருக்கிறது. ஆக்ட்ஃபுல் அமைப்பின் வாய்மொழித் தேர்வையும், அவாண்ட் நிறுவனத்தின் ஸ்டாம்ப் தேர்வையும் தமிழில் எழுதலாம். தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் இருமொழிப் புலமை முத்திரைக்காக எடுப்பவை இவைதாம். இவற்றுக்குக் கிரெடிட் உண்டா என்பது முழுக்க முழுக்கக் கல்லூரியின் விருப்பம். மகனுடைய பட்டத்தில் அயல்மொழிக் கட்டாயம் இருந்தால் அவனுடைய அட்வைசரிடமும், மொழித் துறையிடமும் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓரியண்டேஷன் அன்று அட்வைசரைப் பார்க்கக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அதற்கு முன்பே எழுதிக் கேட்பது நல்லது.